குறைந்த செலவில் தினமும் உடன் வைத்துக்கொள்ள ஒரு மல்டிடூல்: தேர்ந்தெடுக்கும் முறை

மல்டிடூல் என்பது பல கருவிகள் ஒன்றாக மடங்கி இருக்கும் கைக்கருவி. அதன் பெட்டியின் மேல், உள்ளே எத்தனை கருவிகள் என்று பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். 12, 18, 24 என்று. விலை குறையக் குறைய இந்த எண் பெரிதாகிக்கொண்டே போவதைக் கவனித்திருப்பீர்கள். அது எப்படி வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். பிளையரின் ஊசிமூக்கு ஒன்று, அதே பிளையரின் அகன்ற பல் பகுதி இன்னொன்று, அதற்குக் கீழே கம்பி வெட்டும் வாய் மூன்றாவது. சிறிய திருப்புளி, நடுத்தரத் திருப்புளி, பெரிய திருப்புளி என மூன்று. பிடியில் பொறித்த அளவுகோல் ஒன்று. சாவி வளையம் மாட்டும் துளையையும் சேர்த்து எண்ணுபவர்கள் உண்டு. பேர்பெற்ற நிறுவனங்களும் பிளையரை இப்படிப் பிரித்துத்தான் எண்ணுகின்றன. அதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் வாங்குபவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

ஒரே விலையில் இரண்டு கருவிகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்றில் 8 உறுப்புகள், மற்றதில் 20. தயாரிப்பாளர் செலவழிக்கக்கூடிய தொகை இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான். 20 உறுப்புகளுக்குப் பங்கு போட்டால் எஃகுக்கும், அதைப் பதப்படுத்துவதற்கும், மூட்டுகளைத் துல்லியமாகப் பொருத்துவதற்கும் மிஞ்சுவது குறைவு. அதனால் கையில் பணம் குறைவாக இருப்பவர் முதலில் குறைத்துக்கொள்ள வேண்டியது உறுப்புகளின் எண்ணிக்கையை. தரத்தைக் குறைத்துக்கொள்ளத் தேவையில்லை. இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு கணக்கின் மேல்தான் நிற்கிறது.

இது புதிய யோசனையும் இல்லை. சுவிட்சர்லாந்து ராணுவத்தின் 1890 மாடல் மடக்குக் கத்தியில் இருந்தவை நான்கே: கத்தி, துளையிடும் ஊசி, டின் திறப்பான், திருப்புளி. டின்னில் அடைத்த உணவைத் திறக்க வேண்டும், புதிதாக வந்திருந்த துப்பாக்கியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும் என்ற தேவைகளிலிருந்து அந்தப் பட்டியல் பிறந்தது. என்ன வேலை என்று முதலில் முடிவு செய்தார்கள். கருவி அதன் பின் வந்தது.

1. உங்கள் வேலைகளை எழுதுங்கள்

இரண்டு வாரம் போதும். ஒரு கருவி தேவைப்பட்ட ஒவ்வொரு முறையும் கைப்பேசியில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். பார்சல் பிரித்தது, கண்ணாடிச் சட்டத்தின் திருகாணி கழன்றது, நாற்காலியின் போல்ட் ஆடியது, நூல் வெட்டியது, பேட்டரி மூடியைத் திறந்தது, மிதிவண்டிச் சங்கிலியில் சிக்கிய துணியை இழுத்தது. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியதையும் எழுதுங்கள். கையில் இருந்ததைக் கொண்டு எப்படியோ சமாளித்ததையும் எழுதுங்கள்.

பட்டியல் முடிந்ததும் அதை இரண்டாகப் பிரியுங்கள். வெட்டுவதும் பிரிப்பதும் ஒரு பக்கம். பிடிப்பதும் இழுப்பதும் முறுக்குவதும் மறுபக்கம். அலுவலகத்திலோ வீட்டிலோ நாளைக் கழிப்பவர்களுக்குப் பெரும்பாலும் முதல் பக்கம்தான் நிறையும். வண்டி, கம்பி, குழாய், மரவேலை என்று இருப்பவர்களுக்கு இரண்டாவது பக்கம் நீளும். அடுத்த முடிவு முழுக்க இதைப் பொறுத்தது.

2. பிளையரா, கத்தரிக்கோலா

மல்டிடூல்களை இரண்டு குடும்பங்களாகப் பார்க்கலாம். ஒன்று பிளையரை நடுவில் வைத்துக் கட்டப்பட்டது. மற்றது கத்தியையும் கத்தரிக்கோலையும் நடுவில் வைத்தது. சுவிஸ் ஆர்மி கத்தி என்று எல்லோரும் அறிந்த வகை.

பிளையர் குடும்பத்தைப் பரவலாக்கியவர் அமெரிக்காவின் டிம் லெதர்மேன். 1975இல் பழைய ஃபியட் கார் ஒன்றில் ஐரோப்பாவைச் சுற்றியபோது, வழியில் பழுதாகும் காரையும் தங்குமிடங்களில் ஒழுகும் குழாயையும் சரிசெய்யத் தன் சட்டைப்பைக் கத்தி போதவில்லை, அதில் ஒரு பிளையர் இல்லையே என்று நினைத்தார். அந்த நினைப்பு விற்பனைக்கு வரும் பொருளாக 1983 ஆனது. பிளையர் இல்லாமல் வேலை நிற்கும் இடத்துக்கு வேறு எதுவும் மாற்றாகாது என்பதுதான் அந்த வகையின் பலம். சூடான மூடி, விரலுக்கு எட்டாத நட்டு, உடைந்து பாதி உள்ளே நின்ற ஆணி ஆகியவற்றுக்குக் கத்தியும் கத்தரிக்கோலும் உதவா.

ஆனால் பிளையர் எடையைக் கூட்டும். விலையையும் கூட்டும். உங்கள் பட்டியலில் பிடிப்பதும் முறுக்குவதும் ஒன்றிரண்டு வரிதான் என்றால், பிளையர் இல்லாத கருவியை எடுப்பதே சிக்கனம். விக்டோரினாக்ஸ் நிறுவனத்தின் கிளாசிக் எஸ்டி 58 மில்லிமீட்டர் நீளம், சுமார் 21 கிராம் எடை. அதில் சிறு கத்தி, கத்தரிக்கோல், சிறு திருப்புளி முனையோடு நக அரம், சாமணம், பல்குச்சி இருக்கின்றன. விலைப்பட்டியலில் கீழ்மட்டத்தில் இருக்கும் கருவி அது. அதன் கத்தரிக்கோலுக்கு ஈடான ஒன்றை அதைவிடப் பல மடங்கு விலையுள்ள பிளையர் வகைகளிலும் தேட வேண்டியிருக்கும். பார்சல், நூல், முள், நகம், விலைச்சீட்டு என்று போகும் பட்டியலுக்கு இதற்கு மேல் செலவழிப்பது வீண் என்பது என் உறுதியான கருத்து.

கத்தரிக்கோலைப் பற்றி இன்னொரு வார்த்தை. பொதுவாக ஆட்கள் குறைத்து மதிப்பிடும் உறுப்பு இது. பிளாஸ்டிக் உறை, கட்டுத்துணி, மருந்து அட்டை ஆகியவற்றுக்குக் கத்தியைவிட அது பாதுகாப்பானது; பக்கத்தில் இருப்பவர்கள் கத்தியைக் கண்டு முகம் சுளிக்கும் இடங்களிலும் தயக்கமில்லாமல் எடுக்கலாம். மலிவான கருவிகளில் முதலில் கெட்டுப்போவதும் அதுதான். அதன் வில் (ஸ்பிரிங்) மெல்லிய கம்பியால் ஆனதா, உடைந்தால் மாற்றக் கிடைக்குமா என்று பாருங்கள். விக்டோரினாக்ஸ் கத்தரிக்கோல்களின் வில்லை மட்டும் தனியே மாற்றலாம்.

3. எடை: இதில் தவறினால் மற்றதெல்லாம் வீண்

தினமும் எடுத்துச் செல்வதற்கு என்று வாங்கும் கருவிக்கு எடைதான் முதல் தகுதி. கனமான கருவி ஒரு வாரம் பையில் இருக்கும், பிறகு மேசை இழுப்பறைக்குப் போய்விடும். தேவைப்படும் நேரத்தில் அது அங்கேதான் இருக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்கச் சில எண்கள்: லெதர்மேன் வேவ் பிளஸ் 241 கிராம். அதே நிறுவனத்தின் விலை குறைந்த விங்மேனும் சைட்கிக்கும் 198 கிராம். எலும்புக்கூடு போல் குடைந்த பிடியுள்ள ஸ்கெலிடூல் 142 கிராம். விக்டோரினாக்ஸ் கேடட், அலுமினியப் பிடி வகை, சுமார் 46 கிராம். கைப்பேசிகள் பலவும் 170 முதல் 220 கிராம் வரை இருப்பதால், முழு அளவு பிளையர் கருவியை வாங்குவது இரண்டாவது கைப்பேசி ஒன்றைச் சுமப்பதற்குச் சமம் என்று கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாங்குமுன் ஒரு சோதனை செய்து பாருங்கள். நீங்கள் குறித்து வைத்திருக்கும் கருவியின் எடைக்கு நாணயங்களையோ நட்டு, போல்ட்களையோ சிறு பையில் கட்டி, வழக்கமான உடையின் பையில் மூன்று நாள் வைத்திருங்கள். உட்காரும்போது குத்துகிறதா, நடக்கும்போது தொடையில் இடிக்கிறதா, மெல்லிய துணி இழுபடுகிறதா என்பது தெரிந்துவிடும். தோள்பையோ கைப்பையோ எப்போதும் உடன் இருப்பவர்களுக்கு 200 கிராம் பொருட்டே இல்லை. சட்டைப்பையும் கால்சட்டைப்பையும் மட்டும் இருப்பவர்கள் 100 கிராமுக்குக் கீழே பார்ப்பது நல்லது. சாவிக்கொத்தில் மாட்டுவதென்றால் 60 கிராமே அதிகம்.

4. எஃகைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

விளம்பரங்களில் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது ஒன்றும் சொல்லவில்லை என்று பொருள். எஃகின் வகைப் பெயரைத் தேடுங்கள்.

3சிஆர்13, 420ஜே2 என்று இருந்தால் சுமார் 0.3 சதவீதம் கார்பன் உள்ள மென்மையான எஃகு. துருவை நன்றாகத் தாங்கும், விரைவில் மழுங்கும், ஆனால் தீட்டுவதும் எளிது. 420எச்சி, 5சிஆர்15எம்ஓவி ஆகியவற்றில் கார்பன் 0.4 முதல் 0.5 சதவீதம் வரை; விலை குறைந்த பிரிவில் இவையே நல்ல இடைநிலை. லெதர்மேன் தன் பெரும்பாலான கருவிகளில் 420எச்சியைத்தான் போடுகிறது. 440சி என்றால் கார்பன் ஏறக்குறைய 1 சதவீதம். கூர் நீண்ட நாள் நிற்கும்.

வகைப் பெயர் பாதிக் கதைதான். எஃகை எந்த வெப்பத்தில் பதப்படுத்தினார்கள் என்பது மீதி. நன்றாகப் பதப்படுத்திய 420எச்சி, அரைகுறையாகப் பதப்படுத்திய 440சியை விஞ்சும். அதனால்தான் பெயர் தெரியாத கருவியில் பொறித்திருக்கும் பெரிய எஃகுப் பெயரைவிட, பல காலமாக ஒரே எஃகைப் பதப்படுத்திப் பழகிய நிறுவனத்தின் சாதாரண எஃகை நான் நம்புவேன். ராக்வெல் கடினத்தன்மை எண் கொடுத்திருந்தால் கத்திக்கு 55 முதல் 58 வரை இருப்பது போதுமானது.

கடையில் செய்யக்கூடிய ஒரு சோதனை: சிறு காந்தத்தைக் கத்தியிலும் பிளையர் தாடையிலும் வைத்துப் பாருங்கள். கத்திக்குரிய கடினமான எஃகு வகைகள் காந்தத்தில் ஒட்டும். தாடை ஒட்டாவிட்டால் அது எடுத்துக்கொண்ட வேலைக்கு ஏற்ற எஃகு இல்லை என்று சந்தேகிக்கலாம். ஒட்டியதாலேயே நல்லது என்று ஆகிவிடாது. பிடி ஒட்டாமல் இருப்பது குறையும் இல்லை. அலுமினியமும் ஒருசில ஸ்டெயின்லெஸ் வகைகளும் ஒட்டாது.

5. கையில் எடுத்துச் சோதிக்கும் வரிசை

இங்கே நிதானமாக இருங்கள். ஒரே மாடலில் இரண்டு கருவிகளுக்கு நடுவேகூட வேறுபாடு இருக்கும். விலை குறைந்தவற்றில் அது அதிகம். முடிந்தால் இரண்டு மூன்றை எடுத்து ஒப்பிட்டு, நல்லதை வாங்குங்கள். இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் காலத்துக்குள் இதையெல்லாம் செய்து முடித்துவிடுங்கள்.

பிளையரை மூடி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடியுங்கள். நுனிகள் இரண்டும் நேராகச் சந்திக்க வேண்டும். ஒன்று மற்றதைத் தாண்டி விலகியிருந்தால் வேண்டாம். நடுவில் மெல்லிய இடைவெளி தெரிவது இயல்பு, அழுத்தினால் அது மூட வேண்டும். பிறகு ஒரு தாள் துண்டை நுனியில் மட்டும் கவ்வி இழுங்கள். வழுக்கினால் சிறு முள்ளையோ கம்பியையோ பிடிக்க அந்த நுனி உதவாது. அடுத்து இரண்டு பிடிகளையும் எதிரெதிர்ப் பக்கமாக அசையுங்கள். தாடையில் ஆட்டம் இருந்தால் அது நாளாக ஆகக் கூடும், குறையாது.

பிளையரை இறுக்கி அழுத்தும்போது பிடியின் ஓரம் உள்ளங்கையை வெட்டுகிறதா என்று பாருங்கள். மடித்த தகட்டால் ஆன பிடிகளில், திறந்த நிலையில் தகட்டின் விளிம்பு கைப்பக்கம் வந்துவிடும் வடிவங்கள் உண்டு. அப்படிப்பட்டதில் முழு பலம் கொடுத்து எதையும் திருக முடியாது. உருட்டி மழுக்கிய விளிம்பு வேண்டும்.

கம்பி வெட்டும் வாயில் மெல்லிய செம்புக் கம்பி ஒன்றை வைத்து வெட்டுங்கள். ஒரே அழுத்தில் துண்டாக வேண்டும். நசுங்கி மடிந்தால் வாய்கள் பொருந்தவில்லை. கடினமான எஃகுக் கம்பி, தூண்டில் முள், வில் கம்பி ஆகியவற்றை இதில் வைக்காதீர்கள், வாயில் பல் விழுந்துவிடும்.

திருப்புளிகளில்தான் மலிவுக் கருவிகள் அதிகம் ஏமாற்றுகின்றன. நாலு முனை ஸ்டார் திருப்புளி என்று சொல்லிவிட்டு, தட்டைத் தகட்டின் நுனியை முக்கோணமாகச் செதுக்கி வைத்திருப்பார்கள். அது திருகாணியின் நான்கு பள்ளங்களில் இரண்டை மட்டும் பிடிக்கும். சற்று இறுகிய திருகாணியில் வழுக்கி, தலையைத் தேய்த்துவிடும். நான்கு பக்கமும் செதுக்கிய முழு நுனியா என்று பாருங்கள். வீட்டுப் பொருட்களில் அதிகம் எதிர்ப்படுவது பிஎச்2 அளவு. அதற்கு அடுத்து பிஎச்1. கண்ணாடிச் சட்டத்துக்கும் சிறு மின்னணுப் பொருட்களுக்கும் அதைவிடச் சிறியது வேண்டும். உங்கள் பட்டியலில் திருகாணி வேலை பாதிக்கு மேல் இருந்தால் 6.35 மில்லிமீட்டர் அறுகோண பிட் (கழற்றி மாற்றும் திருப்புளி நுனி) பொருத்தும் வசதி உள்ள கருவியை எடுங்கள். எங்கும் கிடைக்கும் பொது அளவு அது. டார்க்ஸ், ஆலன், ஸ்டார் என்று எதை வேண்டுமானாலும் மாட்டலாம். ஒரு நிறுவனத்துக்கே உரிய தனிவடிவ பிட்கள் பின்னால் செலவு வைக்கும்.

கடைசியாக ஒவ்வொரு உறுப்பையும் திறந்து மூடிப் பாருங்கள். ஒன்றை இழுத்தால் பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து வரக் கூடாது. நகம் உடையும் அளவுக்கு இறுக்கமாகவும் இருக்கக் கூடாது. அச்சுகளில் திருகாணி போட்டிருந்தால் பின்னால் இறுக்கிக்கொள்ளலாம். ரிவெட் அடித்திருந்தால் முடியாது. ரிவெட் என்பதற்காக ஒதுக்க வேண்டாம், நல்ல ரிவெட் பல்லாண்டு நிற்கும். வாங்கும் நாளிலேயே ரிவெட்டில் ஆட்டம் இருந்தால் மட்டும் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

6. பூட்டும் சட்டமும்

திறந்த உறுப்பு விரல் மேல் மடங்காமல் தடுப்பது பூட்டு. கத்தியின் முனையால் குத்தித் துளைப்பது, ரம்பத்தால் அறுப்பது, திருப்புளியை அழுத்தித் திருகுவது போன்ற வேலைகள் உள்ளவர்களுக்குப் பூட்டு அவசியம் என்றே சொல்வேன். காகிதம், நூல், அட்டைப்பெட்டி அளவில் நிற்பவர்களுக்குப் பூட்டு இல்லாமல், முதுகு வில்லின் அழுத்தத்தால் மட்டும் திறந்து நிற்கும் சாதாரண வகை போதும்.

ஆனால் பூட்டு இருக்கும் கத்தியைச் சில நாடுகளின் சட்டம் வேறு கண்ணோடு பார்க்கிறது. பிரிட்டனில் காரணம் காட்டாமல் உடன் வைத்திருக்கக்கூடியது பூட்டாத மடக்குக் கத்தி மட்டும். வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு, அதாவது 7.62 சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஜெர்மனியில் ஒரே கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைத் தக்க காரணமின்றி உடன் எடுத்துச் செல்லத் தடை உண்டு. நீங்கள் வசிக்கும் இடத்தின் விதியை வாங்குமுன் படித்துவிடுங்கள்.

விமானப் பயணம் தனி. கத்தி உள்ள மல்டிடூல் கேபினுக்குள் போகாது என்றே வைத்துக்கொண்டு, ஒப்படைக்கும் பெட்டியில் போடுங்கள். அமெரிக்காவில் கத்தி இல்லாத, 7 அங்குலத்துக்கு மேற்படாத கருவிகளைக் கேபினில் அனுமதிக்கிறார்கள். அங்கும் கடைசி முடிவு சோதனை அதிகாரியின் கையில். அடிக்கடி பறப்பவர்கள் கத்தியில்லாத வகையை முதலிலேயே யோசிக்கலாம்.

7. எங்கே மிச்சம் பிடிக்கலாம், எங்கே கூடாது

நிறம், பூச்சு, தோல் உறை, பரிசுப்பெட்டி, சேர்ந்து வரும் சிறு விளக்கு ஆகிய எதற்கும் பணம் கொடுக்காதீர்கள். கறுப்புப் பூச்சு உராய்ந்து போகும். சாதாரண எஃகு நிறம்தான் நாளாக ஆக நன்றாக இருக்கும். டின் திறப்பான், மீன் செதில் சுரண்டி, சுத்தியல் முகம் போன்றவை உங்கள் பட்டியலில் இல்லையென்றால் அவற்றுக்காக எடையைச் சுமக்கவும் வேண்டாம். குறிப்பாகச் சுத்தியல் வகை: அந்தச் சிறு கைப்பிடியால் ஆணி அடிக்கும் அளவுக்கு விசை வராது, அடிக்கிற அதிர்ச்சியில் மூட்டுகள் தளரும்.

பிளையரின் மூட்டு, கத்தியின் எஃகு, திருப்புளியின் நுனி, உத்தரவாதம் ஆகிய நான்கில் கை வைக்கக் கூடாது. லெதர்மேன் 25 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. விக்டோரினாக்ஸ், பொருளிலோ தயாரிப்பிலோ உள்ள குறைக்கு வாழ்நாள் உத்தரவாதம் தருகிறது. அதனால் இவற்றின் கீழ்நிலை மாடல்கள்கூட, இரண்டு முறை வாங்க நேரும் பெயரில்லாக் கருவிகளைவிட மொத்தத்தில் மலிவாக முடியும். விங்மேனுக்கும் சைட்கிக்குக்கும் வேறுபாடு முக்கியமாக ஒன்றுதான்: முதலாவதில் கத்தரிக்கோல், இரண்டாவதில் ரம்பம். நகரத்தில் இருப்பவருக்கு முதலாவது. சீனத் தயாரிப்புகளில் நெக்ஸ்டூல், கான்சோ, ராக்சன் ஆகிய பெயர்களைத் தேடிப் பார்க்கலாம். தாங்கள் பயன்படுத்தும் எஃகை வெளியிட்டுச் சொல்லும் மாடல்களாகப் பாருங்கள்.

பழைய கருவிகளையும் ஒதுக்காதீர்கள். கத்தி மழுங்கியது, நிறம் மங்கியது, கீறல் விழுந்தது எல்லாம் குறையே இல்லை. விலை இறங்க அவை நல்ல காரணங்கள். தாடை விலகியது, கத்தி பலமுறை தீட்டித் தேய்ந்து ஒல்லியானது, கம்பி வெட்டும் வாயில் பல் விழுந்தது என்றால் விட்டுவிடுங்கள். பேர்பெற்ற நிறுவனத்தின் கருவி நம்ப முடியாத விலைக்குக் கிடைத்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம்: பொறித்த எழுத்து மங்கலாக இருக்கும், உறுப்புகள் நெரிசலாக மூடும், கையில் எடுத்தால் எடை அறிவித்ததோடு ஒத்துப்போகாது. சிறு தராசில் நிறுத்திப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

8. வாங்கிய பிறகு

முதல் நாளே வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் திறந்து மூடிக் கழுவுங்கள். தயாரிப்பின்போது தங்கிய தூளும் பிசுக்கும் வெளியேறும். நன்றாகக் காயவிட்டு ஒவ்வொரு அச்சிலும் ஒரு சொட்டு எண்ணெய். பழம் நறுக்கவும் அந்தக் கத்தியையே எடுப்பீர்கள் என்றால் உணவுக்குப் பாதுகாப்பான கனிம எண்ணெயைப் பயன்படுத்துங்கள். சமையல் எண்ணெய் வேண்டாம், அது நாள்பட்டால் பிசின்போல் இறுகிவிடும்.

ஸ்டெயின்லெஸ் என்றாலும் துரு பிடிக்கும். வியர்வையும் கடல்நீரும் மூட்டுகளின் உள்ளே தங்கினால் முதலில் அங்கேதான் புள்ளி விழும். உடலோடு ஒட்டி வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கழுவி எண்ணெய் விடலாம். கத்தியைத் தீட்டும்போது ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி சாய்வில் பிடியுங்கள். மென்மையான எஃகில் 20 டிகிரியை ஒட்டித் தீட்டிய கூரே நீடிக்கும்.

மின்சாரம் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மல்டிடூலின் பிடி உலோகம். மேலே ரப்பரோ பிளாஸ்டிக்கோ ஒட்டியிருந்தாலும் அது மின்காப்பு ஆகாது. மின்காப்புக் கருவிகளில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற பொறிப்பும் இருக்கும். உங்கள் கருவியில் அது இல்லையென்றால் மின்சாரம் உள்ள கம்பியின் பக்கம் கொண்டுபோகாதீர்கள். மெயினை அணைத்து, மின்சாரம் இல்லை என்று டெஸ்டரால் உறுதி செய்த பிறகே தொடுங்கள்.

மூன்று மாதம் கழித்து முதலில் எழுதிய பட்டியலை எடுத்து, எந்த உறுப்பைத் திறக்கவே இல்லை, எது இல்லாமல் தவித்தீர்கள் என்று பாருங்கள். பிட் பொருத்தும் வகை என்றால் பெரும்பாலும் ஒரு புதிய பிட் வாங்கினாலே குறை தீர்ந்துவிடும். கத்தரிக்கோல்தான் வேண்டியிருந்தது என்று தெரிந்தால், சாவிக்கொத்தில் 20 கிராம் கருவி ஒன்றைச் சேர்த்துக்கொண்டு பெரியதைப் பைக்குள் மாற்றிவிடலாம்.